யார் வாயில்லாப் பூச்சி?

"இவர்கள் வாயில்லாப் பூச்சிகள்! இவர்களுடைய வாயாக நான் இருக்கிறேன்!"

கீழத் தஞ்சையில் ஒரு கிராமம். சேலை வழங்கும் விழா. மேடையேறிய ஒரு கனவான் இப்படி முழங்கினார். கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். கனவான் காரில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் நாமும் நின்றிருந்தோம். பக்கத்தில் ஒரு மூதாட்டி. ஐம்பது வருஷமாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வாங்கிய சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம்மைப் பார்த்து அவர் கேட்டார்:

"ஏன் தம்பி, நடவுக் கூலியைக் குறைச்சுப்புட்டாங்கன்னு முந்தாநாளு இந்த ஆளு வீட்டு வாசல்லதானே நின்னு அந்தக் கத்துக் கத்துனேன்? அது யாரு வாயி?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் இது சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடிய கேள்வியா? அல்ல. கனவானின் முக்கால் மணிப் பிரசங்கத்தை அந்த அம்மாளின் ஒரே கேள்வி கிழித்துப் போட்டுவிட்டது.

"வாயில்லாப் பூச்சி" என்ற பேச்சு கேட்பதற்கு இரக்கம் போல இருக்கும். உண்மையில் அது மோசடி. பூச்சிக்குப் பிறவியிலேயே வாயில்லை என்று சொல்லிவிட்டால், அதன் வாயை அடைத்தவன் யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? களவு நடந்த வீட்டில் களவே நடக்கவில்லை, வீட்டுக்காரன் பிறந்தபோதே ஏழை என்று சாதிப்பது போன்றது இது. இன்னொன்றும் இருக்கிறது. பூச்சிக்குப் பேச வராது என்று ஆகிவிட்டால் அதற்காக வேறு யாராவது பேசியாக வேண்டும். அந்த வேறு யாரோ எப்போது பார்த்தாலும் நிலமோ ஆலையோ காரோ உள்ளவராகவே வந்து நிற்கிறாரே, அது எப்படி?

ஆகவே, தோழர்களே, உழைக்கிறவனுக்கு வாயில்லை என்று சொல்லும்போது அதற்கு என்னென்ன அர்த்தங்கள் உண்டு என்பதை இன்று பார்த்துவிடுவோம்.

வாய் இருந்தது, வேலையும் இருந்தது

முதலில் ஒன்றைக் கேட்கிறோம். காவிரிப் படுகையில் இடுப்பு நிமிராமல் நாற்று நட்டுக்கொண்டே காலையிலிருந்து பொழுது சாயும் வரை பாடியது யார்? ஏற்றம் இறைத்துக்கொண்டே எண்ணிக்கை தவறாமல் பாடியது யார்? வயல் வரப்பில் தூளி கட்டித் தாலாட்டுப் பாடியது யார்? அத்தனையும் பூச்சிகளா பாடின?

பாட்டை விடுங்கள். பண்ணையார் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் எங்கே ஆள் ஓடும்? சேரிக்கு ஓடும். பெண்கள் வந்து மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். செத்தவர் தங்கள் புருஷன்மாரைச் சவுக்கால் அடித்தவராக இருந்தாலும், அவரைத் தர்மப் பிரபு என்று சொல்லி அழவேண்டும். கூலிக்கு மாரடிப்பது என்று இன்றைக்கும் பேச்சில் சொல்கிறோமே, அது இந்த வழக்கத்தைச் சொல்வதுதான்.

ஆக, உழைக்கிறவனுடைய குரல் எசமானுக்குத் தெரியாத குரல் அல்ல. வேலை ஓடுவதற்கு அது வேண்டியிருந்தது. செத்த எசமானை அனுப்பி வைக்க அது வேண்டியிருந்தது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அது கூடாது என்றார்கள். "கூலி எவ்வளவு?" என்று அது கேட்கக் கூடாது. கேட்டால் என்ன ஆகும்? அங்கேதான் முதல் அர்த்தம் பிறக்கிறது.

முதல் அர்த்தம்: அடித்து அடைத்த வாய்

தஞ்சைப் பண்ணையாள் முறையைப் பற்றி இளைய தோழர்களுக்குச் சொல்லவேண்டும். அப்பன் பட்ட கடனுக்கு மகனும் மருமகளும் பண்ணையில் உழைக்க வேண்டும். விடியுமுன் வயலில் நிற்கவேண்டும். எசமானை "ஆண்டே" என்று கூப்பிட வேண்டும். நேரம் தவறினாலோ எதிர்த்துப் பேசினாலோ இரண்டு தண்டனைகள் இருந்தன. ஒன்று சாட்டையடி. மற்றது சாணிப்பால்.

மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். கவனியுங்கள் தோழர்களே, சாணிப்பால் எந்த வழியாக உள்ளே போயிற்று? வாய் வழியாக! எந்த வாய் கேள்வி கேட்டதோ அந்த வாய்க்கே தண்டனை. அவனுக்கு வாயில்லை என்று பண்ணையார் ஒரு நாளும் நம்பியதில்லை. வாய் உண்டு என்பது தெரிந்ததால்தான் அதில் சாணியை ஊற்றினார்.

அவர்கள் வசவைக் கேட்டாலே இது விளங்கும். "வாய்க்கொழுப்பு", "வாய் நீளுது", "எதிர்வாய் பேசுறியா?" இவையெல்லாம் எவனைப் பார்த்துச் சொன்னவை? அதே கூலியாளைப் பார்த்துத்தான். விழா மேடையில் வாயில்லாப் பூச்சி, களத்து மேட்டில் வாய்க்கொழுப்பு பிடித்தவன்! இரண்டில் எது உண்மை? கனவான்கள் ஒன்றைத் தீர்மானம் செய்துகொண்டு வந்து பேசட்டும்.

இந்த அடைப்பு எப்படித் திறந்தது? 1943-ல் மன்னார்குடி வட்டம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. அதற்காக வந்தவர் தோழர் பி. சீனிவாசராவ். கன்னட நாட்டில் பிறந்தவர். தாய்மொழி கன்னடம். அவர் சேரிக் குடிசையில் தங்கி, கூழைக் குடித்து, தமிழைக் கற்றுக்கொண்டு மக்களிடம் பேசினார். அவருக்குப் பேசும் துணிவு இருந்தது, மொழி இல்லை. அங்கிருந்த மக்களுக்கு மொழி இருந்தது, பேச அனுமதி இல்லை. இரண்டும் சேர்ந்தபோது கீழத் தஞ்சை நிமிர்ந்தது.

ஒருத்தன் கேட்டால் சாட்டை வந்தது. ஊரே கேட்டபோது பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். 1940களின் போராட்டங்களில், ஒப்பந்தங்களில், சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. தலைவர்கள் தலைமறைவாகவும் சிறையிலும் இருந்த கொடுங்காலமும் அதையடுத்து வந்தது. ஆனாலும் 1952-ல் தஞ்சைச் சாகுபடியாளருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரச் சர்க்கார் நிர்ப்பந்திக்கப்பட்டது. இது எவருடைய கருணையாலும் வந்ததல்ல. அடைத்த வாய்கள் ஒரே நேரத்தில் திறந்ததால் வந்தது.

இரண்டாவது அர்த்தம்: எண்ணிக்கையில் சேராத வாய்

வெள்ளைக்காரன் காலத்தில் தேர்தல் நடந்தது. 1937-லும் நடந்தது. யாருக்கு ஓட்டு? சொத்து உள்ளவனுக்கு, வரி கட்டுகிறவனுக்கு, படித்தவனுக்கு. உழுகிறவனுக்கும் நடுகிறவளுக்கும் கிடையாது. மிராசுதாரின் நெல்லை மரக்கால் போட்டு எண்ணினார்கள். நெல்லை விளைவித்தவனை எண்ணவில்லை.

1951-52 பொதுத் தேர்தலில்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. சேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் அன்று சேரியில் கைகூப்பி நின்றார்கள். இது சாதாரண மாற்றம் அல்ல. இதைக் குறைத்துப் பேசுகிறவன் உழைப்பாளியின் நண்பன் அல்ல.

ஆனால் ஓட்டு ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள். மீதி நாட்களில்? களத்து மேட்டிலும் ஆலை வாசலிலும் கச்சேரியிலும் கோர்ட்டிலும் அந்த வாய்க்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்விக்கு வெண்மணி பதில் சொல்லியது.

மூன்றாவது அர்த்தம்: பேசியும் நம்பப்படாத வாய்

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கு, நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர் என்று மிராசுதார்கள் நெருக்கினார்கள். இறக்கமாட்டோம் என்றார்கள் மக்கள். இரவில் அடியாட்கள் வந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு சின்னஞ்சிறு குடிசைக்குள் ஓடி ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 உயிர்கள் வெந்து கரியாயின.

அந்த 44 பேரும் கத்தவில்லையா? கத்தினார்கள். சுற்று வட்டாரம் முழுக்கக் கேட்டிருக்கும். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொல்லவில்லையா? சொன்னார்கள். சாட்டைக்குப் பயந்த காலம் போய், கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று, வந்தவர்களைப் பார்த்தோம் என்று சொன்னார்கள். 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் உள்ளிட்டவர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

பிறகு 1973-ல் என்ன நடந்தது? சென்னை ஹைக்கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. காரணம்? இவர்கள் பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம், ஏவலாட்களை அனுப்பிவிட்டுத் தாங்கள் பின்னால் இருந்திருப்பார்கள் என்ற பாணியில் ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு பேசியது.

தோழர்களே, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒரு தராசை மனதில் வையுங்கள். ஒரு தட்டில், கண்ணால் கண்டதைச் சொன்ன கூலிக்காரனின் வார்த்தை. மறு தட்டில் ஒரு கார். கார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் கார் சொன்னதைத்தான் நம்பினார்கள்!

வாயில்லாமை என்பதற்கு இதைவிடக் கொடிய அர்த்தம் கிடையாது. இங்கே வாய் அடைக்கப்படவில்லை. பேச விட்டார்கள். சத்தியப் பிரமாணம் செய்வித்தார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பின், நீ சொன்னதற்கு எடை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஊமையின் துக்கம் ஒரு பங்கு என்றால் இது பத்துப் பங்கு. அதே சம்பவத்தை ஒட்டி விவசாயத் தொழிலாளர் மீதும் வழக்குப் போட்டார்கள், சிறைக்கு அனுப்பினார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். அவர்களைக் குற்றம் சாட்டியபோது மட்டும் நம்புவது கடினமாக இல்லை போலும்.

எசமான் வீட்டுப் பிணத்துக்கு இவர்கள் கூலிக்கு அழுத அழுகையை நம்பினார்கள். சொந்தப் பிள்ளைகளின் சாம்பலுக்கு முன்னால் நின்று சொன்ன சாட்சியத்தை நம்பவில்லை. இதுதான் கணக்கு.

இன்னும் ஒன்று. கூலியைப் பற்றி விசாரிக்க கணபதியா பிள்ளை கமிஷன் போட்டார்கள். 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூட்டிக் கேட்டது நியாயம் என்று சட்டமே ஒத்துக்கொண்டது. ஆனால் எப்போது? 44 உயிர் போன பிற்பாடு. வாயால் கேட்டபோது கேட்காத காதுக்குச் சாம்பலைக் காட்ட வேண்டியிருந்தது.

நான்காவது அர்த்தம்: எழுத்தில் ஏறாத வாய்

"இதெல்லாம் வயல்காட்டு விஷயம், நாங்கள் ஆலைத் தொழிலாளிகள்" என்று எந்தத் தோழரும் ஒதுங்கவேண்டாம். ஆலைக்கு வருவோம்.

1918-ல் சென்னை தொழிலாளர் சங்கம் அமைந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம் - கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அதன் முதுகெலும்பு. கம்பெனி என்ன செய்தது? சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலியவர்கள் மீது ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட்டது. தொழிலாளியை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று சொல்லித் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளிக்கு யோசனை சொல்வதே கோர்ட்டுக் குற்றமாயிற்று! இந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்த குரல் ஓயவில்லை. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைப்பது குற்றமல்ல என்று எழுத்தில் ஏறியது. நூறு வருஷத்துக்கு முன் பெரம்பூர்த் தொழிலாளி பட்ட பாட்டில்தான் இன்றைக்கு நாம் ரசீது போட்டுச் சந்தா வாங்குகிறோம்.

நெசவுக் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தும் கையால் சைகை காட்டியும் பேசிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில் நின்றவனுக்கு வீட்டிலும் காது மந்தம். பஞ்சுத் தூசி மார்பில் இறங்கி, லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கும். அப்படியும் அவனுக்கு வாய் உண்டு. சைகையிலேயே வேலை நிறுத்தத்துக்குச் சேதி அனுப்பிய தொழிலாளர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்று தறிச் சத்தத்தைவிடப் பெரிய தடை ஒன்று வந்திருக்கிறது. அது சத்தமே போடாது. அதன் பெயர் மஸ்டர் ரோல்.

2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். ஓர் ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில் பெயருள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்துடன் பேசும் சங்கம். அந்த அளவு எதற்கும் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் கவுன்சில். அதில் இடம்பெறவும் 20 சதவீத ஆதரவு வேண்டும்.

எண்ணிக்கை பார்ப்பது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் யாரை எண்ணுகிறார்கள்? கான்ட்ராக்டு ஆள் வேறு கணக்கில் இருக்கிறான். விடுதியில் தங்க வைத்து, பயிற்சி என்ற பேரில் இயந்திரத்தில் நிறுத்தப்படும் பெண் பிள்ளை வேறு கணக்கில் இருக்கிறாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஏஜெண்டு கூட்டிவந்த தோழன் ஏஜெண்டின் நோட்டில் இருக்கிறான். ஆலை ஓடுவது இவர்கள் கையால். ஆலையின் நோட்டில் பெயர் இல்லாதவனுக்குப் பேசும் இடத்திலும் பெயர் இல்லை. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, வீட்டாரிடம் போனில் பேசக்கூட நேரம் குறித்து வைத்த கொடுமையை இந்த நாடு பார்த்தது. அந்தப் பெண்களுக்கு வாயில்லையா? விடுதியின் கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

வேலை நிறுத்தத்துக்கு வருவோம். முன்பு 1947-ம் வருஷச் சட்டத்தில் முன்னறிவிப்பு நிபந்தனை பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு என்று இருந்தது. புதிய தொகுப்பில் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு. சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலை நிறுத்தமே. 300 பேருக்குக் குறைவான ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ முதலாளி சர்க்காரிடம் முன் அனுமதி கேட்கத் தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 100 பேர். முதலாளி முன்கூட்டி வாய் திறக்கவேண்டியது குறைந்தது. தொழிலாளி வாய் திறக்குமுன் நாள் பார்த்து நோட்டீஸ் கொடுக்கவேண்டும். நல்ல நியாயம்!

இந்தச் சட்டங்கள் எப்படி நிறைவேறின தெரியுமா? 2020 செப்டம்பர் 20-ல் ராஜ்ய சபையில் விவசாய மசோதாக்கள் வந்தன. ஓட்டை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. எண்ணவில்லை. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவித்தார்கள். மூன்று நாள் கழித்து, எதிர்க்கட்சிகள் வெளியே நின்றபோது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நிறைவேறின. குரல் வாக்கெடுப்பு! என்ன அருமையான பெயர்! கோடிக்கணக்கான உழவர்களின், தொழிலாளர்களின் குரலைக் கேட்காமல் செய்த காரியத்துக்குக் குரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020 நவம்பர் 26-ல் உழவர்கள் டில்லியை நோக்கிப் புறப்பட்டார்கள். சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் பனியிலும் வெயிலிலும் ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 19-ல் மூன்று விவசாயச் சட்டங்களையும் வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் அறிவித்தார். அதே மாதம் 29-ல் பார்லிமெண்டு அவற்றை ரத்துச் செய்தது. சபைக்குள் எண்ண மறுத்த குரலைச் சாலையில் எண்ணவேண்டி வந்தது.

ஐந்தாவது அர்த்தம்: இரவல் வாய்

இதுவரை எதிரியைப் பேசினோம். இனி நம்மைப் பற்றியும் பேசுவோம். நம் முதுகில் உள்ள அழுக்கை நாமே பார்க்காவிட்டால் கனவானைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை?

ஒரு கிராம சபைக் கூட்டம். மே தினத்தன்று நடந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் நாம் போயிருந்தோம். மயானத்துக்குப் பாதையில்லாத பிரச்சினை. நாம் எழுந்தோம். சட்டத்தைச் சொன்னோம், புள்ளிவிவரம் சொன்னோம், ஆவேசமாகப் பேசினோம். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒரு பெண் எழுந்து, போன மழையில் தன் மாமியாரின் பிணத்தை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப்போனதைச் சொல்ல ஆரம்பித்தார். "அதைத்தான் தோழர் சொல்லிட்டாரே, உட்காரும்மா" என்றது ஒரு குரல்.

அந்தக் குரல் அதிகாரியின் குரல் அல்ல. ஊராட்சித் தலைவரின் குரலும் அல்ல. நம் சங்கத்தின் ஊழியர் ஒருவரின் குரல். நாமும் சும்மா இருந்தோம். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து தீர்மான நோட்டை வாங்கிப் பார்த்தால், நாம் பேசிய கால் மணிப் பேச்சில் ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துகள் மட்டும் கூட்டம் தொடங்குமுன்பே வாங்கப்பட்டிருந்தன.

அன்று நாம் இரண்டு தவறு செய்தோம். பேசவேண்டியவரைப் பேசவிடவில்லை. பேசியதை எழுத வைக்கவுமில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பிணம் தூக்கியவரின் பேச்சை அந்த எழுத்தரால் எழுதாமல் தட்டிக் கழித்திருக்க முடியுமா? ஊரே விட்டிருக்காது. நம் பேச்சைச் சுலபமாகத் தட்டிவிட்டார். தினமும் கேட்கிற பேச்சுத்தானே என்று.

சேலை கொடுத்த கனவான் "நானே இவர்கள் வாய்" என்றார். அன்று நாமும் அதையே செய்தோம், மாலை மட்டும்தான் விழவில்லை. நம் நோக்கம் நல்லது, அவர் நோக்கம் கெட்டது என்பது உண்மை. ஆனால் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்கு அதில் என்ன வித்தியாசம்?

சங்கம் என்பது தொழிலாளிக்கு இரவல் வாய் அல்ல. அவன் சொந்த வாயால் பேசும்போது யாரும் அடிக்காமல் சுற்றி நிற்கிற அரண். இதை நாம் மறந்தால், ஆளைக் கூட்டி வந்து உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லும் கும்பலுக்கும் நமக்கும் பேதம் இல்லாமல் போய்விடும்.

செய்யவேண்டியது என்ன?

ஐந்து அர்த்தங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பறித்தவன் ஒருவன் இருக்கிறான். அடித்து அடைத்தவன், எண்ணாமல் விட்டவன், நம்ப மறுத்தவன், எழுத மறுத்தவன், இரவல் பேசியவன். பிறவி ஊமை என்று ஒருவரும் இல்லை. ஆகவே இரக்கம் இதற்கு மருந்து அல்ல. இலவசச் சேலை இதற்கு மருந்து அல்ல. பறித்ததைத் திரும்ப வாங்குவதுதான் மருந்து. அதற்குச் சில காரியங்களை இப்போதே தொடங்கலாம்.

கிராம சபை எங்கே கூடினாலும் விவசாயத் தொழிலாளர்கள் கூட்டமாகப் போகவேண்டும். பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும். சங்க ஊழியர் கடைசியில் பேசினால் போதும். பேசியது நோட்டில் ஏறியதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வைக்கும் கையெழுத்து, நம் வாயில் நாமே ஊற்றிக்கொள்ளும் சாணிப்பால்.

ஆலைகளில் மஸ்டர் ரோல் போராட்டத்தைக் கையில் எடுக்கவேண்டும். நிரந்தரத் தொழிலாளி தன் பெயர் இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடக் கூடாது. கான்ட்ராக்டுத் தோழனின் பெயர் ஏறாதவரை நம் 51 சதவீதமும் பொய்க் கணக்கு. அவன் ஊமையாக இருக்கும்வரை நம் கூலியும் கீழேதான் இழுக்கப்படும்.

வடக்கிலிருந்து வந்த தோழனைப் பற்றி ஒரு வார்த்தை. "அவன் பாஷை நமக்குத் தெரியாது, நம் பாஷை அவனுக்குத் தெரியாது" என்று ஆலை வாசலில் பேசுகிறோம். வந்தேறி என்று வசைபாடும் நாக்குகளும் நம் மத்தியில் இருக்கின்றன. கேட்கிறோம்: கன்னடம் பேசியவர் தமிழ் கற்றுத் தென்பரைக்கு வராமல் இருந்திருந்தால் நம் பாட்டன் முதுகில் சாட்டை என்றைக்கு நின்றிருக்கும்? இன்று ஒடியாவிலும் இந்தியிலும் "கூலி எவ்வளவு தருகிறார்கள்?", "எத்தனை மணி நேர வேலை?", "பயப்படாதே" என்ற மூன்று வாக்கியம் கற்றுக்கொள்ள நமக்கு என்ன தடை? சங்க நோட்டீஸில் பாதிப் பக்கம் அவன் எழுத்தில் அச்சாகட்டும். விடுதிப் பெண்களைச் சந்திக்கப் பெண் ஊழியர்கள் போகட்டும்.

சங்கக் கூட்டங்களில் தலைமை வகிப்பவர் ஒரு மணி, விளக்கவுரை ஒரு மணி, நன்றியுரை அரை மணி என்ற வழக்கத்தைக் கொஞ்சம் கட்டிவைப்போம். தறியில் நின்றவர் பேசட்டும். நாற்று நட்டவர் பேசட்டும். திக்கித் திக்கிப் பேசினாலும் பாதகமில்லை. கனவான்களின் சரளமான பேச்சைக் கேட்டு நாம் என்ன கண்டோம்?

அந்த மூதாட்டியைச் சில நாள் கழித்துப் பார்த்தோம். குறைத்த கூலிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

"நான் மட்டும் போயிக் கத்துனப்ப நாயை அவுத்து விட்டாங்க தம்பி. மறுநா நடவாளுங்க பதினெட்டுப் பேரும் போயி வாசல்ல நின்னோம். யாரும் ஒண்ணும் பேசலை. சும்மாதான் நின்னோம். பாக்கியை எண்ணிக் கொடுத்துட்டாரு."

பதினெட்டுப் பேர் பேசாமல் நின்றதுகூட அங்கே பேச்சாகிவிட்டது. இதைவிடத் தெளிவாக நமக்கு யார் பாடம் சொல்லித்தர முடியும்?

நடவு வயலில் நிற்கும் சகோதரிகளே! தறிக்கு முன்னால் நிற்கும் தோழர்களே! அடுத்த தடவை எவனாவது மேடையேறி உங்களை வாயில்லாப் பூச்சி என்றால் கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, அந்த அம்மாள் கேட்டதைக் கேளுங்கள்:

"அது யாரு வாயி?"